இறக்கத்தைத் தாங்கும் இரண்டு குழாய்கள்

பால்மா டின்னுக்குள் விழுந்த எண்ணெயில் கருவாட்டு வாடை அடித்தது. மழை நாளில் கானில் ஓடும் தண்ணீரைப் போலச் சாம்பல் நிறம். ஹட்டன் டவுனில் ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் கராஜ் ஒன்றில், என் பழைய ஹொண்டா பென்லியின் முன் ஷொக் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து மேலும் கீழுமாக அமுக்கிக்கொண்டிருந்தார் பாஸ். ஒவ்வோர் அமுக்கலுக்கும் ஒரு கரண்டி எண்ணெய், கூடவே வெண்ணிறத்தில் கொஞ்சம் நுரை. நுரை என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

"தம்பி, இந்த ஒயில் எப்ப மாத்துனது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா தோட்டத்து ஸ்டோரில் கிளாக்கராக இருந்த காலத்தில் வாங்கிய பைக் அது. என்ஜின் ஒயிலை அவர் நாள் பார்த்து மாற்றுவார். செயினுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் கிரீஸ் வைப்பார். முன் ஷொக்கைத் திறந்து அவர் எதுவும் செய்ததை நான் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பழைய பைக்குகளின் கதையும் இதுதான். எண்ணெய் கசிந்து பிரேக் டிரம் நனையும்வரை முன் ஷொக்கை யாரும் நினைப்பதில்லை.

எனக்கு நினைக்க வேண்டி வந்தது ஒரு மாலையில். அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்தின் மேற்கணக்கிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்ததும் பைக் மூக்கைக் குத்திக்கொண்டு அமர்ந்தது. அமர்ந்த அந்த நொடியில் தண்ணீர் ஓடும் போக்குக்கு மேலிருந்த குழியில் முன் சில்லு இறங்கியது. இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. சில்லு ஒரு சாண் பக்கவாட்டில் துள்ளியது. விழவில்லை. தேயிலைப் பக்கம் ஒதுங்கி நிறுத்திய பிறகும் அம்மா என் சட்டையை விடவில்லை. பள்ளம் எந்தப் பக்கம் என்று மலையில் பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்கில் ஒரு குறையும் இல்லையென்று மறுநாள் கராஜில் சொன்னார்கள். டயர் புதிது. தவறு முன் ஷொக்கில்.

இறக்கத்தின் கணக்கு

சமதரையில் ஓட்டுகிறவர்களுக்கு முன் ஷொக் என்பது கைக்குச் சுகம் தரும் ஒரு சாமான். மலையில் அது பிரேக்கின் ஒரு பாகம். இதை நான் வலிந்து சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பைக் 115 கிலோ, ஓட்டுகிறவர் 65, பின்னால் இருப்பவர் 60. மொத்தம் 240 கிலோ. இருவர் ஏறினால் பாரத்தில் ஏறக்குறைய 40 வீதம், அதாவது 96 கிலோ, முன் சில்லில் இருக்கும். ஓரளவு பலமாகப் பிரேக் பிடித்தால் பின்பக்கத்துப் பாரத்தில் சுமார் 48 கிலோ முன்னுக்கு வந்துவிடும். பத்தடிக்கு ஓரடி இறங்கும் பாதையில் அதே வேகக் குறைப்புக்கு இன்னும் பலமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு மேலும் 12 கிலோ. ஆக 96 கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு மெல்லிய குழாய்கள் கண்மூடித் திறப்பதற்குள் 156 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கிறது.

என் பைக்கின் முன் ஷொக் மொத்தமாக அமுங்கக்கூடிய தூரம் 110 மி.மீ. நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தாலே அதில் 62 மி.மீ. போய்விடுவதை பாஸ் அளந்து காட்டினார். மிச்சம் 48. பிரேக் பிடித்ததும் அதுவும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் குழியை வாங்க ஸ்பிரிங் இல்லை, டயர் மட்டும்தான் இருக்கிறது. ஈரத் தரையில் டயரை மட்டும் நம்பினால் அது துள்ளும். துள்ளும் சில்லுக்கு பிரேக்கும் இல்லை, ஹேண்டிலும் இல்லை.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்தால் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்க்கச் சனம் கூடும். அந்தப் பைக்குகள் ஏறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஷொக் மாற்ற ஆசைப்படுகிறார்கள். நம் பிழைப்பு இருப்பது இறங்குவதில். ஹட்டனின் உயரம் 1,271 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். ஏ7 பாதையில் நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு நானுஓயா, தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன், வட்டவளை என்று கினிகத்தேனைக்கு இறங்கி முடிப்பதற்குள் முன் ஷொக் எத்தனை தடவை குனிந்து நிமிரும் என்று எண்ணினால் தலை சுற்றும்.

பழைய பைக் ஏன் போகவில்லை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் நாடு டொலர் இல்லாமல் தவித்தது. பெற்றோலுக்கு கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர்தான். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறக்கப்பட்டபோது வரியோடு சேர்ந்த விலை தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. ஒரு லீற்றர் நல்ல ஷொக் ஒயிலின் விலை அதைத் தாண்டிவிடும். இந்த நிலையில் புதுப் பைக் வாங்குங்கள் என்று எவரிடம் சொல்வது?

அதனால் பென்லி ஓடுகிறது. எம்டி 90 ஓடுகிறது. ஜப்பானில் தபால்காரர்களுக்காக ஹொண்டா செய்த அந்தச் சிவப்புப் பைக் நம் தோட்டங்களில் மரக்கறி மூட்டையும் காஸ் சிலிண்டரும் சுமந்து இன்னும் உழைக்கிறது. சீடி 100 வகைகள், பழைய பல்சர்கள், இரட்டை ஹெட்லைட் போட்ட பாஜா என எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது. ஒன்றுக்கும் ஓய்வில்லை.

பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டவுனுக்குப் போகும் பெரிய பாதை கார்பட். தோட்டத்துக்குள் திரும்பியதும் வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்து லொறிக்காகக் கருங்கல் பதித்த ரோட்டு. பல இடங்களில் கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது, பதித்த மண் மழையோடு போய்விட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைப் பணத்தைச் செலவிட முடியாதென்று 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி முப்பது வருடம் கை விரித்தார்கள். 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடத் தேர்தலோடு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரபத்தனை எல்லாவற்றுக்கும் தனிச் சபைகள் வந்தன. சில இடங்களில் கொங்கிரீட் விழுந்திருப்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மேற்கணக்குக்கு இன்னும் வரவில்லை. முப்பது வருடம் போடாத ரோட்டின் அடியை வாங்கியவை லயத்துப் பிள்ளைகளின் பைக்குகள்தான். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், நடுவே ஸ்பிரிங், அதை அடக்க எண்ணெய். இந்த அமைப்பை விற்பனைக்கு வந்த பைக்கில் முதலில் பொருத்தியது பிஎம்டபிள்யூ. ஆர்12 என்ற அந்த மொடல் 1935 இல் வந்தது. 1941 இல் பிரித்தானியப் படைக்குப் போன மெட்ச்லெஸ் ஜீ3/எல் அதே வழியில் வந்தது. அதற்கு முன் இருந்த கேர்டர் வகை முன்பக்கம் சட்டங்களாலும் வெளியில் தெரியும் ஸ்பிரிங்காலும் ஆனது. யுத்தம் முடிந்த பிறகு இங்கிலாந்துப் பைக்குகள் பெரும்பாலும் குழாய் ஷொக்குக்கு மாறின. தோட்டங்களில் சின்ன தொரைமார் மலை பார்க்கப் போன பைக்குகள் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. தோட்டங்கள் 1970களில் அரசுக்கும் 1992 இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கும் கை மாறின. பைக்கும் தொரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும் கிளாக்கருக்கும், பிறகு கொழும்பில் கடையில் நின்று காசு சேர்த்த லயத்துப் பிள்ளைக்கும் வந்து சேர்ந்தது.

பழைய ஷொக்கில் எண்ணெயை அடக்குவது, உள்ளே இருக்கும் ஒரு தண்டிலுள்ள சின்னத் துளைகள்தான். சில்லு மேலே வரும்போது எண்ணெய் துளை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். இங்கேதான் சிக்கல். வேகம் இரு மடங்கானால் துளை காட்டும் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. பிரேக் பிடித்து முன்பக்கம் மெல்ல அமரும்போது எதிர்ப்பே இருக்காது, மூக்குக் குத்தும். கூரான கல்லில் சில்லு படீரென்று ஏறும்போது எண்ணெய் போக வழியின்றி இறுகிக்கொள்ளும், அடி நேரே மணிக்கட்டுக்கு வரும். ஒரே ஷொக் ஒரு நேரம் பஞ்சு, இன்னொரு நேரம் கட்டை. "சொப்டா இருக்கு, ஆனா குலுக்குது" என்று கராஜில் வந்து சொல்கிறவர்கள் தங்களுக்கே விளங்காமல் இதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு நம் ஊரில் நடக்கும் வைத்தியம் மூன்று. முதலாவது, கட்டியான எண்ணெய். என்ஜினுக்கு ஊற்றிய மீதி ஒயிலையோ கியர் ஒயிலையோ ஊற்றிவிடுவது. மூக்குக் குத்துவது குறையும், உண்மைதான். ஆனால் கல்லில் வரும் அடி கூடிவிடும். அதைவிட மோசம் நுவரெலியாவின் குளிர். ஜனவரி, பெப்ரவரியில் துகள் பனி விழும் விடியற்காலையில் அந்த எண்ணெய் கூழாகிவிடும். அமுங்கிய ஷொக் அடுத்த குழிக்கு முன் நிமிராது. அதே பைக் மதியம் கினிகத்தேனை வெயிலுக்கு இறங்கினால் வேறு பைக் மாதிரி நடந்துகொள்ளும். ஷொக்குக்கென்றே செய்த எண்ணெய் குளிரிலும் சூட்டிலும் இந்தளவு மாறாது. பழைய பைக்குகளுக்கு பத்து அல்லது பதினைந்து இலக்க ஒயில் போதும். ஒரு கம்பனியின் பத்தும் இன்னொரு கம்பனியின் பத்தும் ஒரே அளவு இளக்கமாக இருக்காது என்பதால், பிடித்த ஒன்றைக் கண்டால் அதையே தொடர்வது நல்லது.

இரண்டாவது, ஸ்பிரிங்குக்கு மேல் பைப்புத் துண்டு வைப்பது. முன்பக்கம் உயரும். ஸ்பிரிங்கின் பலம் மாறாது. அளவாக வைத்தால் தவறில்லை, அடைத்து வைத்தால் ஷொக் கீழே தொங்க இடமில்லாமல் குழியில் சில்லு காற்றில் நிற்கும்.

மூன்றாவது, முழு முன்பக்கத்தையே கழற்றிவிட்டு வேறு பைக்கினுடையதை மாட்டுவது. இதற்குத்தான் இப்போது மவுசு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய ஜப்பான் சாமான்களில் தடித்த குழாய், தலைகீழ் ஷொக், டிஸ்க் பிரேக் எல்லாம் கிடைக்கும். நன்றாகச் செய்தால் நல்ல வேலை. நன்றாகச் செய்ததை நான் அதிகம் காணவில்லை. கழுத்துத் தண்டின் நீளம், கோன் செட்டின் அளவு, எக்ஸலின் தடிப்பு மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாதபோது லேத்தில் கடைந்து வெல்டிங் அடிக்கிறார்கள். இரண்டு குழாய்களையும் பிடித்திருக்கும் கவ்வியில் வெல்டிங் சூடு பட்டால் அந்த உலோகம் பழைய உறுதியில் இருக்காது. புதிய ஷொக் 25 மி.மீ. நீளமாயிருந்தாலே கழுத்தின் சாய்வு ஒரு பாகை மாறிவிடும். ஊசி வளைவுகளில் பைக் திரும்ப மறுப்பதன் காரணம் பலருக்கும் அதுதான். கடைசியில் பிரேக் பலமாகும், சட்டம் பழையதாகவே இருக்கும்.

ஸ்டைலுக்காகக் குழாயின் மூடிகளைக் கழற்றிவிடுகிற பழக்கத்தையும் நான் எதிர்க்கிறேன். பென்லியின் தகர மூடியும் ரப்பர் உறையும் பார்க்கப் பழசுதான். எந்நேரமும் மூட்டமும் தூறலும் உள்ள ஊரில் குரோம் குழாயில் துருப் புள்ளி விழாமல் காப்பது அவைதான். கடுகளவு துருப் புள்ளி ஒன்று போதும், ஒவ்வொரு அமுக்கலிலும் சீலின் உதட்டைச் சீவிவிடும்.

பாஸ் செய்த வேலை

ஷொக்கைத் தொடுவதற்கு முன் அவர் பார்த்தது கழுத்தை. முன் சில்லைத் தூக்கி வைத்து ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்பினார். நேர் நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்தது போல ஒரு கணம் நின்றது. குண்டுகள் கிண்ணத்தைக் குழிவிட்டிருந்தன. "இத மாத்தாம ஷொக்குக்குக் காசு செலவழிக்காதீங்க தம்பி" என்றார். கோன் செட் மாறியது.

பிறகு குழாய்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரண்டையும் உருட்டினார். வளைந்த குழாய் உருளும்போது கண்ணாடிக்கும் குழாய்க்கும் இடையே வெளிச்சம் வந்து வந்து மறையும். எங்களுடையவை நேராக இருந்தன. இடது குழாயில், சீல் ஓடும் இடத்துக்குச் சற்று மேலே, இரண்டு துருப் புள்ளிகள். எண்ணெய்க் கல்லால் நீவி நகத்தில் தட்டுப்படாதபடி செய்தார். "இப்போதைக்குப் போகும். ஒரேயடியா நம்பாதீங்க."

ஸ்பிரிங் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தியபோது ஒன்று மற்றதைவிட ஒரு சுண்டுவிரல் அகலம் குட்டை. அவை போயே விட்டன. பென்லிக்குப் புது ஸ்பிரிங் தேடி மூன்று வாரம் போனது. கடைசியில் பஞ்சிகாவத்தையில் வேறொரு மொடலின் சோடி கிடைத்தது. வெளி அளவும் சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்று, கம்பி மட்டும் தடிப்பு. என்னுடையது 3.5 மி.மீ., இது 3.8. மூன்று புள்ளிதானே என்று எனக்குத் தோன்றியது. கம்பியின் தடிப்பு சிறிது கூடினாலே ஸ்பிரிங்கின் பலம் அதன் நாலாம் மடியில் கூடும். 3.5 இலிருந்து 3.8 என்றால் பலம் ஏறக்குறைய 39 வீதம் அதிகம். அரிசி மூட்டையைக்கூட மறுக்காமல் ஏற்றிவரும் பைக்குக்கு அது தேவையாக இருந்தது.

அடியில் இருக்கும் போல்ட்டின் செம்பு வொஷர் புதிது, ஒயில் சீல் புதிது, தூசி ரப்பர் புதிது. சீலை இறக்க ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பைப்புத் துண்டைக் குழாயில் கோர்த்து மெல்ல மெல்லத் தட்டினார். எண்ணெயைப் போத்தலின் கோட்டைப் பார்த்து ஊற்றவில்லை. குழாயை முழுக்க அமுக்கி, ஸ்பிரிங் போடாமல், மேல் வாயிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அடிமட்டத்தால் அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. எண்ணெய்க்கு மேல் அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டம் கூடினால் காற்று குறைந்து கடைசி அமுக்கம் இறுகும். மூடியைத் திருகும்போது கவனம் வேண்டும், உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். அவசரத்தில் அந்த மூடி பறந்து முகத்தில் பட்ட கதை ஒவ்வொரு கராஜிலும் ஒன்று இருக்கிறது.

துளைத் தண்டின் குறையைப் போக்க ஒரு வால்வும் உண்டு. அமெரிக்காவின் ரேஸ் டெக் செய்வது. தண்டின் தலையில் உட்கார்ந்து மெல்ல வரும் அமுக்கத்தை அடக்கும், கூரான அடி வந்தால் திறந்து எண்ணெயை விட்டுவிடும். அதற்குத் தண்டின் பழைய துளைகளைப் பெருப்பிக்க வேண்டும். துளைத் தண்டு ஷொக் உள்ள பெரிய பைக் வைத்திருப்பவர்கள் டொலர் கொடுத்து இறக்கினால் பலன் தெரியும். பென்லி மாதிரி மெல்லிய குழாய்க்கு முதலில் இது தேவையில்லை. ஸ்பிரிங்கும் எண்ணெயும் சரியானாலே குறையில் பெரும் பங்கு தீர்ந்துவிடுகிறது.

கடைசியாக அளவு. அம்மாவையும் கராஜுக்கு வரச் சொல்லியிருந்தார். அம்மா கைப்பையோடு பின் சீட்டில், நான் முன்னால், பாஸின் கையாள் பைக்கை நிமிர்த்திப் பிடித்திருக்க, குழாயில் இறுக்கிய ஒரு கேபிள் டையைக் கீழே தள்ளிவிட்டு அளந்தார். 37 மி.மீ. முன்பு 62. மொத்த அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் நல்ல அளவு. பைக்குக்கு ஸ்டாண்டு போட்டுத் தனியாக அளப்பதில் பயனில்லை, தினமும் ஏற்றும் பாரத்தோடு அளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எக்ஸல் நட்டை முழுதாக இறுக்கும் முன் முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டார், இரண்டு குழாய்களும் தமக்குள் நேராகிக்கொள்ள.

மறு வெள்ளிக்கிழமை அம்மாவை அதே ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக்கொண்டு போனேன். அதே வளைவு, அதே போக்கு, அதே குழி. பிரேக் பிடித்தபோது முன்பக்கம் குனிந்து, குனிந்த இடத்தில் நின்று, குழியில் இறங்கி ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். கேபிள் டை, குழாயின் கடைசிக்கு 18 மி.மீ. முன்னால் நின்றுவிட்டிருந்தது. இடது குழாயில், அந்தத் துருப் புள்ளிகள் இருந்த இடத்துக்கு நேர் கீழே, முடியளவில் ஓர் எண்ணெய்க் கோடு. துணியால் துடைத்தேன். டையைத் திரும்பவும் கீழே தள்ளிவிட்டேன். அடுத்த சம்பளத்துக்கு ஒரு குழாய் பார்த்துவைக்கும்படி பஞ்சிகாவத்தைக்குப் போன் பண்ணியிருக்கிறேன்.